எறவாணத்துத் தண்ணீரைத் தரையில் விழ விடாதீர்கள்!

ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலை. தென்னையில் காண்டாமிருக வண்டு தாக்குதலைப் பார்க்க, செம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். மரங்களைப் பார்த்து முடித்துக் கிளம்பும்போது அந்த வீட்டு அம்மா, "சார், மாட்டையும் ஒரு எட்டு பார்த்துட்டுப் போங்க" என்றார்.

"நான் மாட்டு டாக்டர் இல்லையேம்மா."

"டாக்டர் வந்து பார்த்துட்டார் சார். குளம்பு அழுகல்னு ஊசி போட்டுட்டு, ஈரத்துல மட்டும் நிறுத்தாதீங்கன்னு சொல்லிட்டுப் போனார். நான் வேற எங்க சார் கொண்டுபோய் நிறுத்துறது?"

கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். கல்லுக்கால் நட்டு, மேலே தகரம் போட்ட நல்ல கொட்டகைதான். கூரையில் ஓட்டை இல்லை. ஆனால் எறவாணத்துத் தண்ணீர் விழுந்து விழுந்து, இரண்டு பக்கமும் முழங்கை ஆழத்துக்குப் பள்ளம் பறித்திருந்தது. பள்ளம் நிரம்பிய தண்ணீர் கொட்டகைக்குள் வந்து, சாணியும் மூத்திரமும் கலந்த சேறாக நின்றது. அந்தச் சேற்றில்தான் மாடு காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தது. கூரை மழையைத் தடுத்துவிட்டது. தடுத்த தண்ணீரை எங்கே அனுப்புவது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

நானும் செய்த தவறு

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பல வருடங்களுக்கு முன் என் வீட்டுத் தோட்டத்தில் இரும்புக் குழாய்க் கால் நட்டு ஒரு தகரக் கொட்டகை போட்டேன். வெல்டிங் வேலை செய்தவர், "சார், ஓரத்துல கட்டர் மாட்டிடலாமா?" என்று கேட்டார். "அதெல்லாம் வீட்டுக்குத்தான், மாட்டுக்கு எதுக்கு?" என்று சொல்லிச் செலவை மிச்சம் பிடித்தேன். நாலைந்து மழைக்காலம் போனது. எறவாணத் தண்ணீர் தெறித்துத் தெறித்து, ஓரக் கால்கள் தரையை ஒட்டிய இடத்தில் துருப்பிடித்து இற்றுப்போயின. அடுத்த ஆடிக்காற்றில் ஒரு பக்கம் அப்படியே சாய்ந்தது. மாடுகள் அப்போது மேய்ச்சலுக்குப் போயிருந்ததால் பிழைத்தன. கட்டருக்கு ஆகியிருக்கக்கூடிய செலவைப் போலப் பல மடங்கு, கால்களை மாற்ற ஆனது.

தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனபோது வீட்டு மாடியில் குழாய் இறக்கினோம், குழி வெட்டினோம். மாட்டுக் கொட்டகையை மறந்துவிட்டோம். பல தோட்டங்களில் வீட்டுக் கூரையைவிடக் கொட்டகைக் கூரைதான் பெரியது.

எவ்வளவு தண்ணீர் விழுகிறது?

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள கூரை சுமார் 56 சதுர மீட்டர். 50 மி.மீ. மழை பெய்தால் அதில் விழுவது 2,800 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் 180 குடத்துக்கு மேல்! அவ்வளவும் பரவலாக விழுவதில்லை. இரண்டு ஓரத்திலும் ஒரு சாண் அகலக் கோட்டில் கொட்டுகிறது. பள்ளம் விழாமல் என்ன செய்யும்?

நம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை, அதில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவமழை. ஆவியாவது, சிதறுவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும், இந்த ஒரு கொட்டகையிலிருந்து ஆண்டுக்கு 35,000 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம்.

கட்டர் மாட்டினால் என்ன லாபம்?

கொட்டகை நிற்கும்: இரும்புக் கால் துருப்பிடிப்பதும், கல்லுக்காலைச் சுற்றி மண் அரித்துச் சாய்வதும் குறையும்.

கால்நடை நோய் குறையும்: ஈரத்தில் நின்றால் குளம்பு அழுகல், சேற்றில் படுத்தால் மடிநோய். செம்மறி ஆடுகளுக்கு மழைக்காலத்தில் வரும் நீலநாக்கு நோயைப் பரப்பும் குலிக்காய்ட்ஸ் என்ற பொடிப் பூச்சி, சாணி கலந்த ஈர மண்ணில்தான் பெருகுகிறது. தரை காய்ந்தால் அதற்கு இடம் குறையும். (தடுப்பூசிக்குப் பதில் அல்ல இது, அதையும் போடுங்கள்.)

உரம் மிஞ்சும்: மாட்டு மூத்திரத்தில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் நிறைய இருக்கின்றன. கூரைத் தண்ணீர் தொழுவத்தையும் குப்பைக்குழியையும் கழுவிக்கொண்டு போனால், போவது அழுக்கு அல்ல. நீங்கள் கடையில் காசு கொடுத்து வாங்கும் அதே சத்து.

நல்ல தண்ணீர் கிடைக்கும்: கறவை மாடு ஒன்று நாளைக்கு 60 லிட்டர் குடிக்கும் என்று வைத்தால், 5,000 லிட்டர் தொட்டி இரண்டு மாட்டுக்கு 40 நாள் வரும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தோட்டங்களில் மருந்து தெளிக்கவும் மழைத்தண்ணீர் நல்லது. சுண்ணாம்பும் உப்பும் மிகுந்த தண்ணீரில் சில மருந்துகளின் வீரியம் குறைந்துவிடும்.

எப்படி மாட்டுவது?

பட்டறையில் தகரத்தை வளைத்துக் கட்டர் செய்து தருவார்கள். கடையில் பி.வி.சி. கட்டரும் கிடைக்கும். சிக்கனமாகச் செய்ய, 6 அங்குல பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் போதும். 20 அடி பைப் இரண்டு வாங்கினால், 30 அடிக் கொட்டகையின் இரு பக்கத்துக்கும் சரியாக இருக்கும். கவனிக்க வேண்டியவை:

1. தண்ணீர் இறங்கும் பக்கமாக 10 அடிக்கு ஓர் அங்குலம் சரிவு கொடுங்கள். நூல் கட்டிப் பார்த்து மாட்டுங்கள். கண் அளவு ஏமாற்றும்.

2. இரண்டு அல்லது மூன்று அடிக்கு ஒரு இரும்புக் கொக்கி வேண்டும். வேகமாகப் பெய்யும்போது கட்டரில் ஏறும் எடையை அதுதான் தாங்கும்.

3. கூரைத் தகரத்தின் விளிம்பு கட்டருக்குள் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். மிகவும் உள்ளடங்கியிருந்தால் தண்ணீர் பின்பக்கமாக ஒழுகும்.

4. இணைக்கும் இடத்தில், மேட்டுப் பக்கத்துத் துண்டு பள்ளத்துப் பக்கத்துத் துண்டின் உள்ளே உட்கார வேண்டும். மாற்றி வைத்தால் ஒழுகும்.

5. இறக்குக் குழாய் 4 அங்குலம் இருக்கட்டும். மாடு முட்டாத, கயிறு சிக்காத மூலையில் இறக்குங்கள்.

6. பி.வி.சி. வெயிலில் நொறுங்கும். வெளிப்பக்கம் பெயின்ட் அடித்தால் கூடுதல் வருடம் வரும்.

பிடித்த தண்ணீரை என்ன செய்வது?

முதல் மழையில் தூசியும் பறவை எச்சமும்தான் வரும். இறக்குக் குழாயில் ஒரு 'டீ' வைத்து, கீழ்வாயை மூடியால் அடையுங்கள். மழை தொடங்கிப் பத்து நிமிடம் மூடியைத் திறந்து வெளியே விட்டு, பிறகு மூடித் தொட்டிக்கு அனுப்புங்கள். தொட்டி வாயில் கொசுவலை கட்டாயம். டெங்குக் கொசு வளர்வது இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான்.

தொட்டி நிரம்பி வழிவதைக் கொட்டகையிலிருந்து தள்ளி, கல்லும் மணலும் நிரப்பிய கசிவுக்குழியில் விடுங்கள். கூரைத் தண்ணீர் மட்டுமே அதில் இறங்க வேண்டும். தொழுவத்தைக் கழுவிய தண்ணீரைக் கிணற்றுக்கோ ஆழ்துளைக் கிணற்றுக்கோ பக்கத்தில் விட்டால், நாம் குடிக்கும் தண்ணீரில் நாமே சாணியைக் கரைத்ததாகிவிடும்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

தென்னங்கீற்றுக் கொட்டகைக்குக் கட்டர் போடலாமா?

வேண்டாம். கீற்றுத் தூள் விழுந்து அடைக்கும். தண்ணீரும் பழுப்பாக இருக்கும். அதற்குப் பதில், எறவாணம் சொட்டும் கோட்டுக்கு நேர் கீழே ஓர் அடி அகலத்தில் கல் பாவிய வாய்க்கால் போட்டுத் தண்ணீரை வெளியேற்றுங்கள். கொட்டகைத் தரையை வெளித்தரையைவிட ஓர் அடி உயர்த்துங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரையாக இருந்தால்?

கட்டர் மாட்டலாம். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காமல் மரங்களுக்கு விடுங்கள். ஷீட்டை அறுப்பதையும் துளையிடுவதையும் தவிர்த்து, கொக்கியை மரச்சட்டத்திலோ இரும்புச்சட்டத்திலோ மாட்டுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

மாட்டிய பிறகு பராமரிப்பு?

புரட்டாசியில் ஒரு முறை, கார்த்திகையில் ஒரு முறை ஏணி வைத்துச் சருகை அள்ளுங்கள். அடைத்த கட்டர், கட்டர் இல்லாததைவிட மோசம். ஒரே இடத்தில் மொத்தமாகக் கொட்டும்.

அந்தச் செம்பட்டி அம்மா காசு கொடுத்து பைப் வாங்கவில்லை. போர் போட்டபோது மிச்சமான கேசிங் பைப் தோட்டத்து மூலையில் கிடந்தது. அதைப் பிளந்து, மகனும் அவருமாக மாட்டிவிட்டார்கள். பள்ளத்தில் கிராவல் கொட்டி நிரப்பினார்கள். மார்கழியில் போனபோது மாடு காய்ந்த தரையில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு உங்கள் கொட்டகை ஓரத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே ஓடுகிறது, எதைக் கழுவிக்கொண்டு போகிறது என்று பாருங்கள். கட்டர் வேண்டுமா வேண்டாமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.