மார்பகக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் காயம் ஆறுதல்

மார்பகக் குறைப்பு அறுவைச் சிகிச்சை என்பது அளவுக்கு மீறிப் பெருத்த மார்பகங்களிலிருந்து கொழுப்பு, சுரப்பி இழையம், மிகுதியான தோல் ஆகியவற்றை நீக்கும் மருத்துவ முறையாகும். கழுத்து, தோள், முதுகு வலி தீரவே பலரும் இதனைச் செய்துகொள்கின்றனர். இதன்பின் அடிக்கடி காணப்படும் சிக்கல்களில் ஒன்று, காயம் ஆறுவதில் ஏற்படும் தாமதம் ஆகும்.

தையல் பிரியும் இடம்

பரவலாகக் கையாளப்படும் முறையில் முலைக்காம்பைச் சுற்றி வட்டமாகவும், அங்கிருந்து கீழ்நோக்கி நேராகவும், மார்பகத்தின் அடிமடிப்பில் கிடையாகவும் தோல் வெட்டப்படுகிறது. நேர்க்கோடும் கிடைக்கோடும் சந்திக்கும் முனையில்தான் தையல் பெரும்பாலும் பிரிகிறது. அங்கே சேரும் தோல் நுனிகளுக்குக் குருதி ஓட்டம் குறைவு; இழுவிசையோ அதிகம். மடிப்பில் தேங்கும் வியர்வையும் தோலை ஊறச் செய்கிறது. இத்தகைய சிறு திறப்பைக் கண்டு பலர் அஞ்சுவர். ஆனால், முறையாகக் கட்டு மாற்றிவந்தால் பெரும்பாலும் மறுதையல் இன்றியே சில வாரங்களில் அடியிலிருந்து சதை வளர்ந்து மூடிக்கொள்ளும்.

ஆறும் படிநிலைகள்

முதல் சில நாட்கள் இலேசான வீக்கமும் சிவப்பும் இயல்பானவை. அடுத்த வாரங்களில் கொலாசன் என்னும் புரத இழைகள் உருவாகின்றன. மூன்றாம் வாரத்தில் காயத்தின் வலிமை இயல்பான தோலின் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. எனவே வெளியே ஆறியதுபோல் தோன்றினாலும், மருத்துவர் அனுமதிக்கும் வரை நீர்க்குடம் போன்ற பளுவைத் தூக்கலாகாது. இக்கட்டுப்பாடு பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் நீடிக்கும். தழும்பு முதிர்ந்து மங்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

விரைந்து ஆற உதவுவன

* புகையிலையை விடுதல்: நிக்கோட்டின் குருதிக் குழாய்களைச் சுருக்குகிறது. அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரங்கள் தவிர்க்க வேண்டும்.
* நீரிழிவு உள்ளோர் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்தல்.
* உணவு: "சீழ் பிடிக்கும்" என்று முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றை ஒதுக்கிப் பத்தியம் இருப்பது நம் வீடுகளில் வழக்கம். உண்மையில் புதிய இழையம் உருவாகப் புரதம் இன்றியமையாதது. கொலாசன் உருவாக உயிர்ச்சத்து சி தேவை. நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றில் அது நிறைய உண்டு.
* கம்பியில்லாத, தாங்கிப் பிடிக்கும் உள்ளாடையை மருத்துவர் கூறும் காலம்வரை அணிதல்.
* காயத்தைத் தொடுமுன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல். திறந்த காயத்தில் மஞ்சள், எண்ணெய் முதலியன பூசலாகாது.

உடனே மருத்துவரை நாட வேண்டிய அறிகுறிகள்

* காய்ச்சல், குளிர் நடுக்கம்
* பரவும் சிவப்பு, சீழ், துர்நாற்றம்
* ஒரு மார்பகம் மட்டும் திடீரென வீங்கிக் கடுமையாக வலித்தல். இது உள்ளே குருதி தேங்குவதைக் காட்டலாம்
* முலைக்காம்பு நீலமாகவோ கறுப்பாகவோ மாறுதல்
* மூச்சுத் திணறல், கெண்டைக்கால் வீக்கம்

கூச்சம் காரணமாக இவற்றை மறைப்பது ஆபத்தானது. குறிப்பாக, குருதித் தேக்கமும் முலைக்காம்பின் நிறமாற்றமும் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாதவை.