மைல் எண்ணிய காலமும் டாலர் எண்ணும் காலமும்

அமெரிக்காவில் அடிக்கடி விமானம் ஏறுபவர்களிடம், அதிலும் கோல்டு, பிளாட்டினம் அட்டை வைத்திருப்பவர்களிடம், ஒரு பழக்கத்தைப் பார்க்கலாம். அதே ஊருக்கு, ஏறக்குறைய அதே நேரத்துக்கு, வேறொரு நிறுவனம் நூறு டாலர் குறைவாக டிக்கெட் விற்றாலும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள். "எனக்கு இதில்தானே ஸ்டேட்டஸ் இருக்கிறது" என்பார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் நல்ல கணக்கு இருந்தது. இன்று பெரும்பாலான பயணங்களில் அந்தக் கணக்கு உதைக்கிறது. மாற்றியது பயணி அல்ல, விமான நிறுவனங்கள். பழக்கம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

தூரத்துக்குக் கிடைத்த மதிப்பு

விமானத் துறைமீதான அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி 1978 அக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்திலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. அதற்கு முன்பு எந்த நிறுவனம் எந்த வழித்தடத்தில் பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதை அரசின் வாரியமே முடிவு செய்தது. கட்டணம் தூரத்தை ஒட்டியே இருந்தது. சட்டம் வந்ததும் விலைப் போட்டி தொடங்கியது. எது மலிவோ அதில் ஏறும் பயணியைத் தன்னிடமே நிறுத்திவைக்க ஒவ்வொரு நிறுவனமும் வழி தேடியது.

1981 மே 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'ஏஅட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியது. அடிக்கடி பறப்பவர்கள் யார் என்று கண்டுபிடிக்க, சேபர் என்ற தன் கணினி முன்பதிவு முறையில் திரும்பத் திரும்ப வந்த தொலைபேசி எண்களைத் தேடி எடுத்தது. சில நாட்களிலேயே யுனைடெட் 'மைலேஜ் பிளஸ்' திட்டத்தோடு வந்தது. டெல்டாவும் டி.டபிள்யூ.ஏ.வும் அதே ஆண்டில் சேர்ந்துகொண்டன. ஒரு மைல் பறந்தால் கணக்கில் ஒரு மைல் என்பதே அடிப்படை விதி. பின்னர் படிநிலைகள் வந்தன. உதாரணமாக யுனைடெட்டில் ஓர் ஆண்டில் 25,000 மைல் பறந்தவர் சில்வர், 50,000 பறந்தவர் கோல்டு, 75,000-க்குப் பிளாட்டினம், ஒரு லட்சத்துக்கு அதற்கும் மேலே.

இந்த விதியில் சாதாரணப் பயணிக்கு ஒரு பெரிய நன்மை இருந்தது. போட்டியால் கட்டணம் தூரத்தை விட்டு விலகிவிட்டது. மைல் கணக்கோ தூரத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க்குக்கு 2,475 மைல். போய்வந்தால் 4,950. அந்த டிக்கெட்டை ஒருவர் 250 டாலருக்கு வாங்கினாலும், பக்கத்து இருக்கைக்காரர் அவசரத்தில் ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கினாலும், ஸ்டேட்டஸ் கணக்கில் இருவருக்கும் அதே 4,950 மைல்தான். பதினொரு முறை போய்வந்தால் 50,000-ஐத் தாண்டிவிடும். அதாவது 2,750 டாலருக்குள் ஒருவர் கோல்டு ஆக முடிந்தது.

ஆண்டுக் கடைசியில் சில ஆயிரம் மைல் குறையும்போது, நீண்ட தூரம் சுற்றிச் செல்லும் மலிவு டிக்கெட்டாகத் தேடிப் பிடித்து, போன ஊரில் வேலை எதுவும் இல்லாமலேயே பறந்து திரும்பியவர்கள் உண்டு. 'மைலேஜ் ரன்' என்று அதற்குப் பெயரே இருந்தது. மலிவுச் சீட்டும் உயர்ந்த ஸ்டேட்டஸும் அன்று ஒரே பாதையில் போயின. கோல்டு ஆன பிறகும் ஒருவர் மலிவுச் சீட்டே வாங்கலாம். அடுத்த ஆண்டின் கோல்டுக்கும் அதுவே போதும். சொந்த நிறுவனத்தில் பறப்பதற்காக எப்போதாவது இருபது முப்பது டாலர் கூடுதலாகக் கொடுத்தாலும் போட்ட பணம் திரும்பி வந்தது.

பெட்டிக்கு விலை வந்த ஆண்டு

அன்றைய ஸ்டேட்டஸ் தந்தவை உண்மையான கூடுதல் வசதிகள். முதல் வகுப்பில் காலி இருக்கை இருந்தால் அதில் உட்கார வைத்தார்கள். தனித் தொலைபேசி எண் தந்தார்கள். பெட்டியை ஏற்றுவதற்கு அட்டை தேவைப்படவில்லை. உள்நாட்டுப் பயணத்தில் எல்லாருடைய பெட்டியும் இலவசமாகவே போனது.

2008-ல் இது மாறியது. எரிபொருள் விலை எகிறிய அந்த ஆண்டில், பெரிய நிறுவனங்களில் முதலாவதாக அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 டாலர் என்று அறிவித்தது. மற்றவை பின்தொடர்ந்தன. பெட்டி இலவசம் என்பதையே விளம்பரமாக வைத்திருந்த சவுத்வெஸ்ட்கூட 2025 மே மாதத்தோடு அதைக் கைவிட்டது. இருக்கையைத் தேர்ந்தெடுக்கவும் முன்னால் ஏறவும் தனித்தனியாகப் பணம் கேட்கத் தொடங்கினார்கள்.

இதனால் ஸ்டேட்டஸின் இயல்பே மாறிப்போனது. முன்பு எல்லாருக்கும் இருந்தவற்றை எடுத்துவிட்டு, அட்டை வைத்திருப்பவருக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் கட்டும் கட்டணத்திலிருந்து விலக்குப் பெறுவதே அட்டையின் முதல் பயன் ஆனது. கட்டணங்கள் கூடக்கூட, அட்டையை இழந்துவிடக் கூடாது என்ற பயமும் பயணிகளிடம் கூடியது.

மைல் போய் டாலர் வந்தது

அடுத்த திருப்பத்துக்கு டெல்டா முன்னால் நின்றது. 2014 முதல் மைல் மட்டும் போதாது, செலவும் வேண்டும் என்றது. சில்வருக்கு 2,500 டாலர், கோல்டுக்கு 5,000. யுனைடெட்டும் அதே ஆண்டு அதே வழியில் இறங்கியது. 2015 முதல் இலவசப் பயணத்துக்கான மைல்களையும் தூரத்துக்குப் பதில் கட்டணத்தை வைத்தே டெல்டா கொடுத்தது. சாதாரண உறுப்பினருக்கு டாலருக்கு 5 மைல், கோல்டுக்கு 8. யுனைடெட் அதே ஆண்டும், அமெரிக்கன் 2016-லும் இதே முறைக்கு மாறின.

2023 செப்டம்பரில் டெல்டா இன்னும் ஒரு படி மேலே போனது. அடுத்த ஆண்டிலிருந்து ஸ்டேட்டஸுக்குச் செலவு ஒன்றே அளவுகோல், உச்சப் படிக்கு 35,000 டாலர் என்று அறிவித்தது. பயணிகள் கொதித்தெழுந்தார்கள். அளவுமீறிப் போய்விட்டோம் என்று தலைமை நிர்வாகி எட் பாஸ்டியன் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். சில வாரங்களில் உச்சப் படி 28,000 டாலராகவும், கோல்டு 10,000 டாலராகவும் குறைக்கப்பட்டன. ஆனாலும் செலவு மட்டுமே அளவுகோல் என்ற விதி அப்படியே நின்றது. 2025 ஏப்ரலில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் செலவுக் கணக்குக்கு மாறியது. அங்கே கோல்டுக்கு 20,000 புள்ளிகள், டிக்கெட்டில் ஒரு பவுண்டுக்கு ஒரு புள்ளி.

முன்பு பார்த்த அதே லாஸ் ஏஞ்சலஸ் பயணியை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 250 டாலர் டிக்கெட்டில் மட்டுமே 10,000 டாலரை எட்ட வேண்டுமானால் அவர் நாற்பது முறை போய்வர வேண்டும். அன்று பதினொன்று, இன்று நாற்பது. அடிமட்ட விலையில் விற்கப்படும் 'பேசிக் எகானமி' டிக்கெட்டாக இருந்தால் டெல்டாவில் 2022 முதல் மைலும் இல்லை, ஸ்டேட்டஸுக்கான கணக்கும் இல்லை.

இந்தத் திட்டங்கள் இன்று வெறும் பரிசுத் திட்டங்கள் அல்ல. நிறுவனங்கள் மைல்களை வங்கிகளுக்கு விற்கின்றன. வங்கிகள் அவற்றைக் கிரெடிட் கார்டு வாடிக்கையாளருக்குக் கொடுக்கின்றன. கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்ற 2020-ல் யுனைடெட் தன் மைலேஜ் பிளஸ் திட்டத்தை ஈடாகக் காட்டி 680 கோடி டாலர் திரட்டியது. டெல்டா அதேபோல் 900 கோடி டாலர் திரட்டியது. இவ்வளவு பெரிய வியாபாரமாக வளர்ந்த ஒன்று, மலிவு டிக்கெட்டில் தூரம் பறப்பவரைவிட அதிகம் செலவழிப்பவரையே தேடும்.

அட்டை கைக்கு வந்த பிறகு

இன்றைய பயணி கவனிக்க வேண்டிய இடம் இதுதான். டெல்டாவிலோ யுனைடெட்டிலோ ஒருவர் ஜூன் மாதத்தில் கோல்டு ஆகிறார் என்றால், அந்த ஆண்டின் மீதியும் அடுத்த ஆண்டு முழுவதும் அதற்கடுத்த ஜனவரி வரையும் அது செல்லும். அவர் உழைத்துச் சேர்த்த கூலி அது. அதற்காக இனி ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை. அடுத்த படியைத் தொட முடியாதவர் என்றால், அந்த ஆண்டில் அவர் செலவழிக்கும் கூடுதல் டாலர்கள் ஸ்டேட்டஸுக்கு எதையும் சேர்ப்பதில்லை. மலிவுச் சீட்டைத் தேட இதைவிட நல்ல காலம் கிடையாது.

ஓர் உதாரணம். அவருடைய நிறுவனத்தில் டிக்கெட் 370 டாலர், வேறொன்றில் 250. வித்தியாசம் 120 டாலர். கோல்டு உறுப்பினருக்கு 370 டாலரில் சுமார் 3,000 மைல் சேரும். ஒரு மைலை ஒரு சென்ட் என்று வைத்தால் 30 டாலர். பெட்டி ஏற்றுவதானால் ஒரு வழிக்குச் சுமார் 35, போய்வர 70 டாலர் மிச்சம். இரண்டையும் கூட்டினாலும் 120-ஐத் தொடவில்லை. கைப்பையோடு மட்டும் போகிறவருக்கு 90 டாலர் நேரடி நஷ்டம். முதல் வகுப்பு உயர்வு கிடைக்குமே என்று சொல்பவர்கள் உண்டு. முன்பு முதல் வகுப்பின் பெரும்பகுதி இலவச உயர்வுக்கே போனது. இன்று பெரும்பகுதி காசுக்கு விற்றுத் தீர்ந்துவிடுகிறது; மிச்சமிருக்கும் ஓரிரு இருக்கைகளுக்கு நீண்ட வரிசை நிற்கிறது.

சொந்த நிறுவனத்துக்குள்ளும் மலிவைத் தேடலாம். பேசிக் எகானமிக்கு அடுத்த படியில் இருக்கும் சாதாரண எகானமி டிக்கெட்டே கோல்டு உறுப்பினருக்குப் போதும். நல்ல இருக்கை, பெட்டி, முன்னால் ஏறுவது எல்லாவற்றையும் அட்டையே தந்துவிடும். அதற்கு மேலே விற்கப்படும் தொகுப்புகளை வாங்கினால், ஏற்கெனவே கையில் இருப்பதற்கு மறுபடியும் விலை கொடுத்ததாகிவிடும்.

ஆனால் அட்டைக்கு இன்றும் ஓர் உண்மையான மதிப்பு இருக்கிறது. ஜனவரியில் சிகாகோவில் பனிப்புயல் அடித்து விமானங்கள் வரிசையாக ரத்தாகும் நாளில், தனித் தொலைபேசி எண்ணும் அடுத்த விமானத்தில் முன்னுரிமையும் ஓர் இரவை மிச்சப்படுத்தும். கடைசி விமானத்தில் போகிறோம், மறுநாள் காலை முக்கியமான வேலை, பருவமும் மோசம் என்றால் அறுபது எழுபது டாலர் கூடுதலாகக் கொடுத்துச் சொந்த நிறுவனத்திலேயே போவது சரியான முடிவு. ஆண்டு முழுவதும் எல்லாப் பயணத்துக்கும் அந்தக் கூடுதலைக் கட்டுவதுதான் தவறு.

ஊருக்குப் போகும் குடும்பம்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கூர்மையானது. வேலைக்காக வாராவாரம் பறந்து ஸ்டேட்டஸ் சேர்த்தவர் பெரும்பாலும் வீட்டில் ஒருவர்தான். அந்த டிக்கெட்டுகளுக்குக் கம்பெனி பணம் கட்டியது. கோடை விடுமுறையில் சென்னைக்குக் கிளம்பும்போதோ நான்கு பேர் போகிறார்கள், கைக்காசு போகிறது. அட்டை இருக்கும் நிறுவனத்தில் ஆளுக்கு 300 டாலர் கூடுதல் என்றால் மொத்தம் 1,200 டாலர். பதிலுக்குக் கிடைப்பது என்ன? ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் கோல்டு என்றால், கூட்டணியின் மற்ற விமானங்களில் ஒரு கூடுதல் பெட்டி, அதுவும் அட்டைக்காரருக்கு மட்டும். ஓய்வறைக்குள் உடன் அழைத்துப் போகவும் ஒருவருக்குத்தான் அனுமதி. கட்டணத்தை நால்வரும் கட்ட, வசதி ஒருவருக்கோ இருவருக்கோ போய்ச் சேர்கிறது.

இங்கே நடுவழி ஒன்று உண்டு. 1997-ல் உருவான ஸ்டார் அலையன்ஸில், ஒரு நிறுவனத்தில் பெற்ற கோல்டு கூட்டணி முழுவதும் செல்லும். யுனைடெட்டில் கோல்டு ஆனவர் பிராங்பர்ட் வழியாக லுப்தான்சாவிலோ, 2014-ல் கூட்டணியில் சேர்ந்த ஏர் இந்தியாவிலோ எது மலிவு என்று பார்த்து வாங்கலாம். அட்டையின் பயன் குறையாது. கூட்டணிக்கு வெளியே வளைகுடா வழியாக இன்னும் பல நூறு டாலர் மலிவாகக் கிடைத்தால் அதையே வாங்கலாம். மிச்சமாகும் பணம் ஊரில் நூறு வேலைக்கு உதவும்.

இந்தியா சொல்லும் பாடம்

ஸ்டேட்டஸ் நிலையான சொத்து அல்ல என்பதை இந்தியப் பயணிகள் நேரில் பார்த்தார்கள். ஜெட் ஏர்வேஸில் ஆண்டுக்கணக்காகப் பறந்து பிளாட்டினம் வரை உயர்ந்தவர்களுக்கு, 2019 ஏப்ரல் 17-க்குப் பிறகு ஏறுவதற்கு அந்த நிறுவனத்தின் விமானமே இல்லை. புள்ளிகள் வேறு பெயரில் தொடர்ந்தன. படிநிலை தந்த மரியாதை போய்விட்டது. இன்னொரு பக்கம் இண்டிகோ 2006-ல் தொடங்கியதிலிருந்து 2024 வரை விசுவாசத் திட்டம் எதையும் நடத்தாமலேயே உள்நாட்டுச் சந்தையில் அறுபது சதவீதத்தைத் தாண்டி வளர்ந்தது. மக்கள் அதில் ஏறியது அட்டைக்காக அல்ல; விலைக்கும் நேரத்துக்கும். 2024-ல் ஏர் இந்தியாவும் பறந்த தூரத்தை விட்டுச் செலவைக் கணக்கிடத் தொடங்கியது.

அன்று நிறுவனமும் பயணியும் தூரத்தை வைத்து ஒருவரையொருவர் மதித்தார்கள். இன்று ஒரு தரப்பு அந்த ஒப்பந்தத்தை மாற்றி எழுதி, டாலரைத்தான் எண்ணுவோம் என்று விதியாகவே அறிவித்துவிட்டது. மறு தரப்பும் டாலரை எண்ணுவதில் குற்றவுணர்வு கொள்ள எதுவும் இல்லை. கையில் இருக்கும் அட்டையைக் கடைசி நாள் வரை முழுமையாகப் பயன்படுத்துங்கள். ஆனால் ஒவ்வொரு டிக்கெட்டையும் அன்றன்றைய விலை, நேரம், பெட்டி, பருவநிலை ஆகியவற்றைப் பார்த்துப் புதிதாக முடிவு செய்யுங்கள். அப்படி மலிவுச் சீட்டுகள் வாங்கியதால் அடுத்த ஆண்டு கோல்டு சில்வராக இறங்கினால், இறங்கட்டும். சேமித்த தொகையிலிருந்து பெட்டிக்கும் இருக்கைக்கும் தேவைப்படும்போது காசு கட்டிக்கொண்டாலும், சொந்தக் காசில் பறக்கும் பெரும்பாலான பயணிகளுக்குக் கையில் மிச்சமே இருக்கும்.