லூல்கந்துரவின் சிதைவுகள்

தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைக் கண்டோர், அப்பயிரின் தோற்றுவாயையும் காணல் வேண்டும். கண்டி மாவட்டத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, தேயிலை மலைநாடெங்கும் பரவியது. மலைச்சரிவில் ஏறிச் செல்வோர், டெயிலர் வாழ்ந்த மரக்குடிலில் எஞ்சிய புகைபோக்கியைக் காண்பர்.

ஏறும் வழியையும் நோக்குக. தென்னிந்தியாவினின்று மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழி நடந்துவந்த தமிழ்த் தொழிலாளரே மலைநாட்டுத் தோட்டங்களில் காடழித்தனர், வடிகான் வெட்டினர், கோப்பியையும் பின்னர்த் தேயிலையையும் வளர்த்தனர். 1892இல் மறைந்த டெயிலருக்குக் கண்டியில் கல்லறையுண்டு. வழியில் மாண்ட தொழிலாளர் பலர்க்கோ குழிமேடும் எஞ்சவில்லை. வடிகானும் தேயிலைச் சரிவுமே அவர்தம் கல்வெட்டு. அதனையும் படித்துத் திரும்புதல் வரலாறு கற்போர் கடனாகும்.