சித்திரை வெயில், கோடை மழை: வீட்டுச் சூட்டைத் தணிக்கும் வழிகள்



ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று நம் கீழப்பாவூரையும் குளிர்விக்கும். அதற்கு முந்தைய பங்குனி, சித்திரை, வைகாசிதான் சிரமம். பகலில் சுள்ளென்று வெயில், மாலையில் திடீரென்று இடிமழை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவன் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை.

வெள்ளம் கண்ணுக்குத் தெரியும். வீட்டுக்குள் தேங்கும் சூடு தெரியாது. அதுவும் உயிரைப் பறிக்கும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தது உறுதியானால் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணமும் உண்டு.

சூடு எங்கிருந்து வருகிறது? கான்கிரீட் தட்டட்டி பகல் முழுவதும் வெயிலை வாங்கி வைத்து, மஃரிபுக்குப் பிறகு மெல்ல வீட்டுக்குள் விடுகிறது. அதனால்தான் வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே புழுங்குகிறது. தட்டட்டியில் இரண்டு தடவை வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். பூசும்போது கண்ணில் படாமல் கவனம் தேவை. பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். கோடை மழையில் சுண்ணாம்பு கரைந்திருந்தால் மறுபடியும் பூசுங்கள். தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கிடுகு போட்டு, காற்றில் பறக்காமல் இறுக்கிக் கட்டுங்கள்.

வறண்ட வெயில் நாளுக்கும் மழை பெய்த மறுநாளுக்கும் வழி வேறு. வறண்ட நாளில் வெயில் படும் ஜன்னல்களை லுஹருக்கு முன்பே மூடி, பொழுது சாய்ந்ததும் திறங்கள். ஈரச் சாக்கு, ஈரத்துணி தொங்கவிட்டால் குளுமை தரும். மழைக்குப் பிறகு காற்றிலேயே ஈரம் இருப்பதால் வேர்வை காயாது. அப்போது ஈரச் சாக்கு புழுக்கத்தையே கூட்டும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் கொடுப்பதே நல்லது.

இலை காய்ந்துவிடும், தூள் பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு மதியமெல்லாம் பீடி சுற்றும் பெண்கள் நம்மிடையே உண்டு. லுஹர் முதல் அஸர் வரையாவது தட்டை ஒதுக்கி வையுங்கள். வேலையைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர், உப்புப் போட்ட மோர், நீராகாரம் குடியுங்கள்.

முதியோர், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் மீது தனிக் கவனம் வேண்டும். உடம்பு நெருப்பாய்க் கொதித்து, பேச்சு குழறினாலோ மயங்கினாலோ உடனே 108க்கு அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

நம் தெருவில் தனியாக இருக்கும் வாப்பா, உம்மாமாரை மாலையில் ஒருமுறை எட்டிப் பாருங்கள். இளைஞர்கள் நான்கு பேர் சேர்ந்தால், வெயில் ஏறுமுன் ஒரு வீட்டுத் தட்டட்டிக்குச் சுண்ணாம்பு பூசிவிடலாம். இன்ஷா அல்லாஹ், அன்று இரவு அந்த வீட்டார் நிம்மதியாகத் தூங்குவார்கள்.