ஆண்மை பற்றிய அச்சமும் வளரிளம் பருவமும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, பீருமேடு மலைத் தோட்டங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. கணவாய் வழியாகவும் மலைப்பாதை வழியாகவும் பண்டங்களோடு நம்பிக்கைகளும் எல்லை கடக்கின்றன. அவற்றுள் ஒன்று, ஆண்மை என்பது உடலில் சேமித்து வைத்த பொருள், செலவானால் தீர்ந்துவிடும் என்பதாகும்.

இந்நம்பிக்கை பழமையானது. ஆயுர்வேத நூல்கள் ஏழு தாதுக்களுள் சுக்கிலத்தை இறுதியாக வைத்தன. பல துளி இரத்தம் சேர்ந்தே ஒரு துளி விந்தாகிறது என்ற பேச்சு அதிலிருந்து வளர்ந்தது. விந்து வீணாகிறதென்று அஞ்சி, களைப்பும் மனச்சோர்வும் கொண்டு வருவோரின் நிலைக்கு, 1960இல் மனநல மருத்துவர் என். என். விக் 'தாத்து' நோய்க்குறித் தொகுதி என்று பெயரிட்டார். இவ்வச்சம் நம் நாட்டிற்கே உரியதன்று. சுவிட்சர்லாந்து மருத்துவர் டிசோ 1760இல் வெளியிட்ட நூலொன்று ஐரோப்பாவையும் நெடுங்காலம் அச்சுறுத்தியது.

உடலியல் கூறுவது யாது? பருவமடையும்போது பிட்யூட்டரி சுரப்பியின் தூண்டுதலால் விரைகள் இயங்கத் தொடங்குகின்றன. ஒரு விந்தணு உருவாக இரண்டு மாதத்திற்கு மேலாகும். எனினும் உற்பத்தி இடையறாது நடைபெறுவதால், நாள்தோறும் கோடிக்கணக்கானவை முதிர்கின்றன. விந்தின் பெரும்பகுதி விந்துப்பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீரே; இரத்தம் வற்றி உண்டாவதன்று. உறக்கத்தில் அது வெளிப்படுதல் வளர்ச்சியின் இயல்பே, நோயன்று.

இவ்வுண்மையை அறியாத சிறுவன் இருவகையில் இடர்ப்படுகின்றான். ஆண்மகன் அஞ்சலாகாது, ஐயம் கேட்கலாகாது என்ற எண்ணத்தால் தன் கவலையை எவரிடமும் கூறாது, போலி வைத்தியரிடம் பொருளை இழக்கின்றான். அன்றேல், தன் ஆண்மையை நிலைநாட்ட வேண்டுமென்று, தோழர்களின் ஏளனத்திற்கு அஞ்சி, முதிர்ச்சி வருமுன்னரே பாதுகாப்பற்ற உறவிற்குத் துணிகின்றான். அங்கே மற்றவரின் விருப்பமும் மதிப்பும் மறக்கப்படுகின்றன. இழப்போம் என்ற அச்சமும், காட்டவேண்டும் என்ற துடிப்பும் ஒரே வேரின் இரு கிளைகள் எனலாம்.

பாலுறவு ஆற்றலைப் பெருக்குவதாகக் கூறும் மருந்து விளம்பரங்களை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடைசெய்கிறது. ஆனால் சட்டம் விளம்பரத்தைத் தடுக்குமேயன்றி, உள்ளத்தின் ஐயத்தைத் தீர்க்காது. அதற்கு விளக்கமே மருந்து. 10 முதல் 19 வயது வரையுள்ளோருக்காக மத்திய அரசு 2014 ஜனவரியில் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தின்கீழ், அரசு மருத்துவ நிலையங்களில் ஆலோசனை மையங்கள் அமைக்கப்பட்டன. சிறுவர்களும் அங்கே தயக்கமின்றிக் கேட்கலாம்.

பெண்மக்களுக்குப் பூப்பின்போது தாயோ பாட்டியோ சில சொற்களேனும் கூறுகின்றனர். ஆண்மக்களுக்கோ பெரும்பாலான இல்லங்களில் மௌனமே கிட்டுகிறது. தந்தையும் ஆசிரியரும் அம்மௌனத்தைக் கலைத்து, உடலின் இயல்பையும், பிறரை மதித்து நடக்கும் பொறுப்பே ஆண்மை என்பதையும் உரிய காலத்தில் எடுத்துரைப்பார்களாயின், போலி வைத்தியருக்கு வேலையில்லாது போகும்.