ரேடியேட்டர் கசிவும் அடைப்பு மருந்தும்



கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் நோக்கிக் கூட்டரசு நெடுஞ்சாலையில் காரில் வந்துகொண்டிருக்கிறீர்கள். நெரிசலில் வண்டி ஊர்கிறது. வெப்பங்காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. என்ன செய்வீர்கள்? ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணையுங்கள். ஆனால் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்ததும் அது ஆவியாகச் சீறி, முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். இயந்திரம் நன்றாக ஆறும் வரை பொறுத்திருப்பதே அறிவுடைமை.

ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கடையில் விற்கும் அடைப்பு மருந்தை ஊற்றினால் சரியாகிவிடுமா? அந்த மருந்தில் மிக நுண்ணிய துகள்களோ நார்களோ கலந்திருக்கும். அவை தண்ணீரோடு சுற்றி வந்து, ஓட்டையில் சிக்கி அதை அடைக்கின்றன. சிலவகை மருந்துகள் ஓட்டையின் வாயில் கண்ணாடிபோல் இறுகிக்கொள்ளும். பழைய ஓட்டுநர்கள் மஞ்சள்தூள் போட்ட கைவைத்தியமும் இதே தத்துவம்தான்.

1958-ஆம் ஆண்டில் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸ் வடதுருவப் பயணத்துக்கு ஆயத்தமானபோது, நீராவியைக் குளிரவைக்கும் பகுதியில் கடல்நீர் கசிந்தது. ஓட்டை இருந்த இடம் அகப்படவில்லை. மாலுமிகள் சியாட்டில் நகரக் கடைகளில் சாதாரணக் கார் அடைப்பு மருந்தை வாங்கி வந்து ஊற்றினார்கள். கசிவு நின்றது. ஆகஸ்ட் 3-ஆம் தேதி கப்பல் பனிக்கட்டிக்கு அடியில் வடதுருவத்தை அடைந்தது.

ஆகவே மருந்து பொய்யல்ல. ஆனால் அது ஊசித்துளைக்கு மட்டுமே மருந்து. ரப்பர் குழாய் வெடித்திருந்தால் குழாயை மாற்ற வேண்டும். இக்கால ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி பிளந்திருந்தாலும், தண்ணீர் பம்பு பழுதாகியிருந்தாலும் மருந்தை நம்பக் கூடாது. வெளியே சொட்டாமலே தண்ணீர் குறைந்து, புகைபோக்கியில் வெண்புகை தொடர்ந்து வந்தால், ஹெட் கேஸ்கெட் பழுதாக இருக்கலாம். உடனே பட்டறைக்குச் செல்லுங்கள்.

முதலில் கசியும் இடத்தைக் கண்டறியுங்கள். இரவில் காரின் அடியில் அட்டையை விரித்து வையுங்கள். நிறமற்ற வெறும் தண்ணீரென்றால் அது குளிர்சாதனத்தின் நீராக இருக்கலாம். அதற்கு அஞ்ச வேண்டாம். பச்சையோ சிவப்போ ஆன, வழவழப்பான நீரென்றால் அது கூலண்ட்.

மருந்து ஊற்றுவதானால் இயந்திரம் ஆறியபின், புட்டியில் குறித்துள்ள அளவே ஊற்றுங்கள். அளவு மிஞ்சினால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் அடைபட்டு, சூடு இன்னும் ஏறும். ஊற்றியபின் முள்ளைக் கவனித்தபடி ஓட்டி, விரைவில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

நம் நாட்டில் பனி உறைவதில்லை. ஆகவே வெறும் தண்ணீரே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கூலண்ட் உறைவதைத் தடுப்பதற்கு மட்டுமன்று, உள்ளே அரிப்பைத் தடுப்பதற்கும்தான். அரிப்புதான் ஊசித்துளைக்கு வித்து. அடைப்பு மருந்து முதலுதவி. அதுவே சிகிச்சை ஆகாது.