ஈயை நிலத்தில் தேடியவர்

ஆப்பிரிக்காவின் செட்சி ஈயைப் பற்றிய வரலாற்றை டேவிட் புரூஸில் தொடங்குவது வழக்கம். 1890களில் ஜூலுலாந்தில் மாடுகளைக் கொன்ற நகானா நோயின் ஒட்டுண்ணியை மைக்ராஸ்கோப்பில் கண்டு, அதைப் பரப்புவது இந்த ஈயே என்று நிறுவிய ராணுவ மருத்துவர் அவர். மனிதர்களைக் கொல்லும் உறக்க நோயும் செட்சி ஈக்களால்தான் பரவுகிறது என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. ஆனால் எல்லையற்றுக் கிடக்கும் புதர்க்காட்டிலிருந்து அந்த ஈயை எப்படி விரட்டுவது என்பதற்கு மைக்ராஸ்கோப்பில் விடை இல்லை. விடையின் பெரும்பகுதியைக் கண்டவர் தொழிலால் ஒரு பண்ணை மேலாளர். சார்லஸ் ஸ்வின்னர்ட்டன் விவசாயத்தை விட்டுவிட்டு அறிவியலுக்குப் போனவர் அல்லர், நிலத்தையும் மந்தையையும் பார்த்துப் பழகிய கண்ணே அவரை விஞ்ஞானியாக்கியது என்பது என் கருத்து.

1877இல் இங்கிலாந்தில் பிறந்த அவர் இளம் வயதிலேயே தென் ஆப்பிரிக்கா போய், இன்றைய ஜிம்பாப்வேயின் கிழக்கு எல்லையில், சிரிந்தா காட்டை ஒட்டிய குங்குன்யானா பண்ணையை நிர்வகித்தார். ஓய்வு நேரத்தில் பறவைகளுக்கு விதவிதமான வண்ணத்துப்பூச்சிகளைக் கொடுத்து, எதைத் தின்கின்றன, எதை ஒதுக்குகின்றன என்று குறித்துவைத்தார். வயிறு நிறைந்த பறவை ஒதுக்கும் பூச்சியைப் பசித்த பறவை தின்றுவிடும். ஆகவே, 'இந்தப் பூச்சியை எந்தப் பறவையும் தொடாது' என்று ஒற்றை வரியில் சொல்லிவிட முடியாது என்று காட்டினார். பசித்த மாடு கண்டதையும் மேயும், நிறைந்த மாடு தேடித் தேடி மேயும் என்பதைத் தினமும் பார்க்கிறவருக்கு இந்தச் சந்தேகம் எழுந்ததில் வியப்பில்லை.

அவருடைய பெரிய பங்களிப்பு, எல்லைக்கு அப்பால் போர்ச்சுகீசியர் ஆண்ட மொசூரிசே பகுதி பற்றி 1921இல் வெளியான ஆய்வு. ஈ நிறைந்து மாடே வளர்க்க முடியாத அந்த நிலத்தில், ஒரு காலத்தில் காசா என்ற ஆப்பிரிக்க அரசின் மன்னர் உம்சிலாவின் பெருமந்தைகள் மேய்ந்திருந்தன. அதெப்படி என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டார். உம்சிலா மக்களை நெருக்கமாகக் குடியேற்றினார். புதர் விளைநிலமாயிற்று, காட்டு விலங்குகள் வேட்டையில் குறைந்தன, ஈ பின்வாங்கியது. 1889இல் அவர் மகன் குங்குன்யானா மக்களைத் திரளாகக் கூட்டிக்கொண்டு தெற்கே போனார். வயல்கள் புதராயின. விலங்குகள் திரும்பின, பின்னாலேயே ஈயும் வந்தது.

முதியவர்களின் பேச்சு அறிவியல் சான்றாகுமா என்று கேட்கலாம். தனியே நின்றால் ஆகாது. ஆனால் ஈயின் பிழைப்பும் அதையே சொல்கிறது. செட்சிப் பெண் ஈ மற்ற ஈக்களைப் போலக் கொத்தாக முட்டையிடுவதில்லை. வயிற்றுக்குள்ளேயே ஒற்றைப் புழுவுக்குப் பால் போன்ற திரவம் ஊட்டி வளர்த்து, ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒன்றாக நிழலில் ஈரப்பதமுள்ள பொலபொலப்பான மண்ணில் இறக்கிவிடும். புழு உடனே மண்ணுக்குள் புகுந்து கூடாகிவிடும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் உயிருக்கு நிழல் போனால் வாழ்வே போயிற்று. 1919இல் தங்கனீக்காவின் (இன்றைய தான்சானியா) முதல் வனவிலங்குக் காப்பாளரான ஸ்வின்னர்ட்டன், அங்குள்ள ஷின்யாங்காவில் இதைச் செய்தே பார்த்தார். சுகுமா மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு புதரை வெட்டினார்கள். புல் நன்றாகக் காய்ந்த பிறகு தீ வைத்தால் புதர் எந்த அளவு அழியும் என்று சோதனைகள் நடந்தன. வெட்டித் திருத்திய இடங்களுக்கு மாடுகள் திரும்பின. 1929இல் செட்சி ஆய்வுத் துறை உருவாகி அவரே அதன் இயக்குநரானார். அவர் பெயர் தாங்கிய செட்சி இனம் ஒன்றும் அந்த நாட்டில் உண்டு.

காட்டு விலங்குகளைச் சுட்டுத் தீர்ப்பதே சுலபமான வழி என்று வெள்ளைக் குடியேறிகள் பலர் வாதிட்டார்கள். 1890களின் வெக்கை நோயில் விலங்குகள் மடிந்தபோது பல இடங்களில் ஈயும் மறைந்தது உண்மைதான். ஆனால் விலங்குகள் பெருகியதும் ஈ மீண்டது. ஊரும் உழவும் நிலைத்த இடத்தில்தான் அது மீளவில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. புதர் மண்டியதற்கே காலனி ஆட்சியின் போர்களும் இடப்பெயர்வுகளும் பெரிய காரணம். பிறகு அதே ஆட்சி நோய்த் தடுப்பு என்ற பெயரில் சிதறி வாழ்ந்த குடும்பங்களைப் புதிய குடியிருப்புகளில் கொண்டுபோய் நெருக்கியது. உம்சிலா செய்ததும் கட்டாயம் கலந்ததே, ஆனால் அது தன் மக்களின் மந்தைக்காக. ஸ்வின்னர்ட்டன் அந்நிய ஆட்சியின் அதிகாரி. இந்தப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்க முடியாது. ஆனாலும் ஆப்பிரிக்கர்களுக்குப் பூச்சியைப் பற்றி ஏதும் தெரியாது என்று பலர் நம்பிய காலத்தில், அவர்கள் செய்துகாட்டியதைச் செய்தவர் பெயரோடு அச்சில் ஏற்றினார். கிழக்கு ஆப்பிரிக்க செட்சி ஈக்கள் பற்றிய அவருடைய பெருநூல் 1936இல் வந்தது. 1938இல் விமான விபத்தில் இறந்தார். 1971இல் ஜான் ஃபோர்ட் என்ற ஆய்வாளர், இந்த ஈயோடு வாழும் முறையை ஆப்பிரிக்கச் சமூகங்கள் ஏற்கெனவே கண்டிருந்தன, அதைக் குலைத்தது காலனி ஆட்சியே என்று விரிவாக எழுதினார். அந்த வாதத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளில் முக்கியமான ஒன்று, ஸ்வின்னர்ட்டன் மொசூரிசேயில் கேட்டு எழுதிய வரலாறு.